அம்மாவை உட்கார வைக்காதீர்கள்

அறுபதைத் தாண்டிய தாய்க்கு நம் வீடுகளில் பிள்ளைகள் காட்டும் அன்பு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது: “நீ செஞ்சது போதும், சும்மா உட்காரும்மா.” தண்ணீர் டம்ளர் கைக்கு வந்துவிடுகிறது. கடைக்குப் பேரன் போய்வருகிறான். மொட்டை மாடியில் துணி காயப்போட வேறு ஆள் வந்தாயிற்று. டிவிக்கு எதிரே நல்ல நாற்காலி ஒன்று அவருக்கென்றே ஒதுக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்ற கால்களுக்கு ஓய்வு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்த நாற்காலியில் அவர் கழிக்கும் மணி நேரங்கள் இதயத்தை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், இந்த அன்பை வேறு விதமாகக் காட்டத் தோன்றும்.

தமிழ்நாட்டில் இது சிறு கூட்டத்தின் பிரச்சினை இல்லை. 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி இங்கே 13.6% பேர் 60 வயதைக் கடந்தவர்கள்; கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். அவர்களில் பெண்களே அதிகம். நம் சுகாதாரத் துறை 2020-இல் நடத்திய தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அதைவிடக் கவலைக்குரியது, அப்படி இருப்பவர்களில் 7.3% பேருக்கு மட்டுமே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. மாத்திரை தேவை; உப்பைக் குறைப்பதும் தேவை. இவற்றோடு சேர்ந்து செல்ல வேண்டிய மூன்றாவது மருந்தை, உடல் அசைவை, வயதான பெண்களுக்கு மட்டும் நாம் எழுதிக் கொடுப்பதே இல்லை.

பாத்திரம் துலக்குவதும் கணக்கில் உண்டு

உடற்பயிற்சி என்றதும் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதும், ஜிம்மில் எடை தூக்குவதுமே நினைவுக்கு வருகின்றன. எழுபது வயதில் மூட்டு வலியோடு இருக்கும் ஒருவருக்கு இதெல்லாம் ஆகாத காரியம் என்று அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறோம். இந்த நினைப்பைத் திருத்திய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 63 முதல் 97 வயது வரையிலான பெண்களின் இடுப்பில் ஏழு நாள்களுக்கு அசைவை அளக்கும் சிறு கருவியைக் கட்டிவிட்டார்கள். எவ்வளவு நடந்தேன் என்று அவர்கள் வாயால் சொல்வதை நம்பாமல், உடலின் அசைவையே பதிவு செய்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா லாக்ராய் தலைமையிலான குழு 2019-இல் வெளியிட்ட முடிவு இது: 5,861 பெண்களில், இலேசான சிறு அசைவுகள் மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட மாரடைப்பும் இதயத் தமனி நோயால் வரும் இறப்பும் 42% குறைவு.

இங்கே ‘சிறு அசைவு’ என்று சொல்லப்படுவது, உடை மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வீட்டுக்குள் மெல்ல நடமாடுவது போன்றவை. 2023-இல் அதே ஆய்வுத் தொகுதியிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. நின்றபடியோ நடமாடியபடியோ செய்யும் அன்றாடக் காரியங்களில் நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் கழித்த பெண்களுக்கு, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகக் கழித்தவர்களைவிட இதய, ரத்தக் குழாய் நோய்கள் 43% குறைவாக இருந்தன. சமையலறையில் நிற்பதும், பாத்திரம் துலக்குவதும், தோட்டத்தில் குனிந்து நிமிர்வதும் அந்தக் கணக்கில் சேர்ந்தன.

எண்ணைக் கண்டு மிரள வேண்டாம்

இவ்வளவு எளிய உண்மை வெளிவர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் நிறுவிய ஆய்வுகள் ஆண்களைப் பற்றியவை. 1953-இல் ஜெரமி மோரிஸ் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கிழித்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். அமெரிக்காவில் பெண்களின் உடல்நலத்துக்கென்றே ஒரு மாபெரும் ஆய்வு தொடங்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசிய சுகாதார நிறுவனத்தின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணான பெர்னடின் ஹீலிதான் அதற்கு வழிவிட்டார். மேலே சொன்ன முடிவுகள் அந்த ஆய்வு மரத்தின் கிளையில் காய்த்தவை.

இடைப்பட்ட காலத்தில் ஓர் எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது: நாளுக்கு 10,000 அடிகள். டோக்கியோ ஒலிம்பிக்கின் சூட்டோடு 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியோடு புழக்கத்துக்கு வந்த எண் அது. எந்த மருத்துவ ஆய்வும் முதலில் அதைச் சொல்லவில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட, 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு 41% குறைவாக இருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் போனால் கூடுதல் பயன் பெரிதாக இல்லை. மொத்த அடிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டபின், வேகமாக நடந்தாரா மெல்ல நடந்தாரா என்பதற்கும் அவ்வளவு முக்கியத்துவம் இருக்கவில்லை. 2,700-க்கும் 4,400-க்கும் இடையில் உள்ள தூரம், மெல்ல நடந்தாலும் இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

பெண்களுக்குக் கூடுதலாக ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2024-இல் வெளியான, 4,12,413 அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வு, வாரத்துக்கு 300 நிமிடப் பயிற்சியால் ஆண்கள் பெற்ற பலனைப் பெண்கள் 140 நிமிடங்களிலேயே பெற்றதாகக் காட்டியது. கொஞ்சம் செய்தாலும் பெண் உடல் அதை வீணாக்குவதில்லை.

உடலுக்குள் நடப்பது

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ரத்தக் குழாய்களுக்கு ஓரளவு காவலாக இருக்கிறது. அதனால்தான் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ பத்தாண்டுகள் பிந்தி வருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 46 வயதையொட்டியே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளைவிட இது சில ஆண்டுகள் முன்னதாகவே. அதன்பின் தமனிச் சுவர்கள் விறைக்கின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, தசை கரைகிறது.

ஒருவர் எழுந்து நடக்கும்போது இந்த நான்கின்மீதும் ஒரே நேரத்தில் வேலை நடக்கிறது. ரத்தம் சற்றே வேகமாகப் பாய்ந்தால் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்துகிறது. சுருங்கி விரியும் கெண்டைக்கால் தசை, காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. உழைக்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட பிறகு 15 நிமிடங்கள் நடந்தால் சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். வயதான பெண்களிடம் அதிகம் காணப்படும் ஒருவகை இதயச் செயலிழப்பில், இதயம் நன்றாகவே சுருங்கும். ஆனால் தளர்ந்து விரிய முடியாமல் விறைத்துக் கிடக்கும். அந்த நிலைக்குக் கொண்டுபோகும் உயர் அழுத்தம், உடல் பருமன், அசையாமை ஆகிய மூன்றுக்கும் நடையே எளிய எதிரி.

ஆய்வுகள் சொல்லாதது

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்தான் அதிகம் நடமாடுவார், நோயாளி உட்கார்ந்திருப்பார். ஆக, நடமாட்டம் ஆரோக்கியத்தைத் தந்ததா, ஆரோக்கியம் நடமாட்டத்தைத் தந்ததா என்ற கேள்வி நியாயமானது. ஆய்வாளர்கள் வயது, நோய், புகைப் பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஐயம் முழுதாகத் தீர்வதில்லை.

அதைத் தீர்க்க, 70 முதல் 89 வயதுக்கு உட்பட்ட, அதிகம் அசையாத 1,635 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். ஒரு குழுவுக்கு நடையும் கால் வலுப்பயிற்சியும். இன்னொன்றுக்கு உடல்நல வகுப்புகள் மட்டும். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், 400 மீட்டர் தூரத்தைத் தாமாக நடந்து கடக்கும் திறனை இழக்கும் வாய்ப்பு பயிற்சிக் குழுவில் 18% குறைந்திருந்தது.

எழுபதுக்குப் பிறகு தொடங்கும் பயிற்சி, அறுபதாண்டு வாழ்க்கையின் பழுதை இரண்டரை ஆண்டுகளில் துடைத்துவிடாது என்று இதைப் படிக்கலாம். கழிப்பறைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் யார் கையையும் எதிர்பாராமல் போய்வரும் திறன் காப்பாற்றப்படும் என்றும் படிக்கலாம். ஒரு மூதாட்டியைக் கேட்டால் இரண்டாவதைத்தான் பெரிய வரம் என்பார். படுக்கையில் விழாமல் போய்ச் சேர வேண்டும் என்று அவர் தெய்வத்திடம் கேட்பதும் அதைத்தானே!

“வீட்டு வேலையே போதுமே!”

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாத்திரம் துலக்குவதும் கணக்கில் சேரும் என்று சொன்னதுமே, “அப்போ அம்மாவே துலக்கட்டும், இதயத்துக்கு நல்லது” என்று ஒரு குரல் கிளம்பும். இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள்; செய்யும் ஆண்களோ 97 நிமிடங்கள்தான். அதே இந்தியாவில் 2022-இல் பெண்களில் 57% பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றும், ஆண்களில் அது 42% என்றும் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் கணித்தார்கள். மூன்று மடங்கு வேலை செய்பவரின் உடலுக்கே அசைவு போதவில்லை என்றால், நம் வீட்டு வேலையின் தன்மையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அடுப்பின் முன் நின்ற இடத்தில் நிற்பதும், காய் நறுக்க உட்கார்ந்திருப்பதும் நேரத்தைத் தின்னும். கால்களுக்கும் மூச்சுக்கும் அதில் வேலை குறைவு.

உழைப்பெல்லாம் ஒரே பலனைத் தருவதும் இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் தாமாக விரும்பிச் செய்த உடலியக்கம் இதயத்தைக் காத்தது. பிழைப்புக்காகச் செய்த கடும் உழைப்போ இடரைக் கூட்டியது. நிறுத்த நினைக்கும்போது நிறுத்த முடியாத உழைப்பில், இதயத் துடிப்பும் அழுத்தமும் மணிக்கணக்கில் இறங்காமலே இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதிகாலையில் பூச்சந்தைக்குப் போகும் 65 வயதுப் பெண்ணுக்கும், நாலு வீட்டில் பற்றுப் பாத்திரம் தேய்ப்பவருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் கிழவிக்கும் ‘நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. அவர்களுக்கு வேண்டியது நிழலும், நடுவில் உட்காரும் உரிமையும், மாதந்தோறும் அழுத்தப் பரிசோதனையும், ஓய்வூதியமும். நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட அம்மாவுக்கும், உட்காரவே முடியாத ஆயாவுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுத முடியாது.

காரணம் கேட்காத இடம்

நம் ஊரில் வயதான ஆண் வெறுமனே வெளியே கிளம்பலாம். டீக்கடை, பத்திரிகை, பேருந்து நிறுத்தத்துத் திண்ணை என்று அவருக்கு நடக்க ஆயிரம் வழிகள். பெண்ணுக்கோ ஒரு காரணம் வேண்டும். காய் வாங்க, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட, கோயிலுக்கு. வயதான பெண்கள் காரணம் சொல்லாமல் நடக்கக் கிடைத்த இடம் கோயில் பிரகாரம் ஒன்றுதான். சமதளம், வண்டி இல்லை, கூட நாலு பேர், கால் வலித்தால் மண்டபத்தில் சாய்ந்துகொள்ளலாம். நகரத் திட்டமிடுபவர்கள் முதியோர் நடைபாதைக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டால், அதில் முக்கால்வாசி நம் வெளிப்பிரகாரங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதே வசதிகளைத் தெருவுக்கும் கொண்டுவருவதுதான் அரசின் வேலை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. நல்ல முயற்சி. ஆனால் 8 கிலோமீட்டர் என்பது அந்தப் பழைய 10,000 அடிக் கணக்குதான். 70 வயதுப் பெண்ணுக்கு அது பயணம்; பயிற்சி ஆகாது. அவருக்கு வேண்டியது வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் மேடு பள்ளமற்ற ஒரு நடைபாதை, நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு, பூட்டாத ஒரு கழிப்பறை, பகலிலும் திறந்திருக்கும் ஒரு பூங்கா. நடைபாதையில் பைக்கை நிறுத்துபவர் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் தாயை வீட்டுக்குள் திருப்பி அனுப்புகிறார்.

மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். இங்கிலாந்தில் முதியோருக்கு இலவசப் பேருந்து அட்டை கொடுத்தபின், அதை வைத்திருந்தவர்கள் அதிகம் நடந்தார்கள் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். நிறுத்தம் வரை நடக்க வேண்டும். இறங்கியும் நடக்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்புவதுதானே பாதிப் பயிற்சி! 2021-இல் தொடங்கிய நம் திட்டமும் ஏராளமான பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் பேருந்தின் முதல் படி எட்டாத உயரத்தில் நிற்கிறது. தாழ்தளப் பேருந்துகள் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தால், அது போக்குவரத்துத் துறை நடத்தும் இதய சிகிச்சை ஆகிவிடும்.

இதைவிட உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாக மாத்திரை கொடுத்து, அழுத்தம் பார்க்கிறார்கள். பிசியோதெரபி தேவைப்படுவோரின் வீட்டுக்குப் பயிற்சியாளரே போகிறார். மாத்திரை கொடுக்கும் அந்தக் கை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் ஐந்து பயிற்சிகளையும் கற்றுக்கொடுக்கலாம். தெருவுக்குப் பத்துப் பெண்களைச் சேர்த்து மாலையில் ஒரு சுற்று நடக்கவைக்கலாம். சுய உதவிக் குழு வாரக் கூட்டம் நடத்துவதில் நமக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. கூட்டத்தை உட்கார்ந்து நடத்துவதற்குப் பதில் கொஞ்சம் நடந்தும் நடத்தலாம்.

எப்படித் தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. கூடவே இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும், மூன்று நாள் விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும். இது சேர வேண்டிய இடம். தொடங்க வேண்டிய இடம் ஐந்து நிமிடம். வாரம் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டினால் போதும்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாமல் போக வேண்டும். மிதமான வேகத்துக்கு இதைவிட எளிய அளவுகோல் இல்லை. சில அழுத்த மாத்திரைகள் நாடித் துடிப்பை அடக்கிவைப்பதால், நாடியை எண்ணுவதைவிட இதுவே நம்பகமானது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தொடைக்கு வலு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்யக் கூடாது, அழுத்தம் எகிறும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் நடக்கவே கூடாது என்பது தவறான நம்பிக்கை. தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின் சுமை குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். இதயத்துக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். நம் பெண்கள் இவற்றை வாயுப் பிடிப்பு என்று சொல்லி, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்களும் நம்பிவிடுவார்கள். மருத்துவமனைக்குப் பெண்கள் பிந்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது.

கடைசியில் பொறுப்பு வீட்டுக்கே திரும்புகிறது. அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் மகன், மாலையில் அவரோடு தெருமுனை வரை நடக்க இருபது நிமிடங்கள் வைத்திருக்கிறானா? நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறானா? அவர் செய்ய விரும்பும் சின்ன வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமலும், விரும்பாத வேலையைத் தலையில் கட்டாமலும் இருக்கிறானா? எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறானா? ஸ்டென்ட் வைக்க லட்சக்கணக்கில் புரட்டும் குடும்பங்களுக்கு இவை பெரிய செலவில்லை. அம்மாவுக்கு மரியாதை செய்ய நினைப்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.